மெல்போர்னில் கேட்ட சத்தம்

சாந்தி நிவாஸ் அடுக்ககத்தில் யாரும் சத்தம் போடக் கூடாது. இந்த விதியை ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமை காலையிலும் சங்கத் தலைவர் தனசிங் ஒலிபெருக்கியில் வாசிப்பார். கார் நிறுத்தும் இடத்தில் ஒரு பெட்டியும் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின் மேல் ஒரு பெட்டியும் கட்டியிருந்தார்கள். அடுக்ககம் ராஜகீழ்ப்பாக்கத்தில் வேளச்சேரி சாலையை விட்டு நன்றாக உள்ளே தள்ளியிருந்தது. இருந்தாலும் சாலையில் பஸ்ஸுக்கு நிற்பவர்களுக்கு அந்த விதி மனப்பாடம்.

தனசிங் ஒரு வாரியத்தில் கண்காணிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பிறகு கண்காணிக்க எதுவும் கிடைக்காமல் கொஞ்ச காலம் உடம்பு சரியில்லாமல் இருந்தார். பிறகு சங்கத் தேர்தலில் நின்றார். எதிர்த்து யாரும் நிற்கவில்லை. உடம்பு தேறிவிட்டது.

தரைத்தளத்தில் கடைசி வீடு ஹில்டாவுடையது. பொத்தேரிப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியின் பணிமனையில் இருபது வருஷத்துக்கு மேல் ஸ்டோர் பார்த்தவள். மாணவர்களுக்கு அரமும் சுத்தியலும் எடுத்துக் கொடுப்பாள், சாயங்காலம் திரும்ப வாங்கி வைப்பாள். அவற்றில் ஒன்றைக்கூடப் பிடித்து அவள் வேலை செய்ததில்லை. வீட்டில் படுக்கையில் கிடந்த அம்மாவைப் பார்த்துக்கொண்டதில் கல்யாணம் தள்ளிப்போய், பிறகு யாரும் அதைப் பற்றிப் பேசாமல் ஆனார்கள். அம்மா போனதும் வேலையிலிருந்தும் ஓய்வு வந்துவிட்டது. இரண்டும் ஒரே சமயத்தில் வந்ததால் காலையில் எழுந்து என்ன செய்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. எழுந்தாள், பல் தேய்த்தாள், உட்கார்ந்தாள்.

கல்லூரிப் பணிமனையில் பழைய இயந்திரங்களைக் கழித்துப் போட்டபோது ஒரு பெல்ட் கிரைண்டரை வாங்கிக்கொண்டு வந்தாள். இரண்டு உருளைகளின் மேல் உப்புக்காகித நாடா ஒன்று வேகமாக ஓடும்; அதில் எஃகுப் பட்டையைப் பிடித்தால் தேய்ந்து தேய்ந்து கத்தியாகும். எதற்கு வாங்கினாள் என்று கேட்டால் சொல்லத் தெரியாது. துணி துவைக்கும் இடத்தை ஒட்டிய சின்ன அறையில் அதை வைத்தாள். முதல் கத்தி கோணலாக வந்தது, இரண்டாவது தக்காளியை நசுக்கியது. அதற்கப்புறம் வந்த ஒன்று வெங்காயத்துக்குள் தண்ணீரில் இறங்குவது போல இறங்கியது. அன்றைக்கு வேண்டியதற்கு மேல் வெங்காயம் நறுக்கி மூன்று நாள் தொடர்ந்து வெங்காய சாம்பார் வைத்தாள்.

கத்தியைவிட அவளுக்குப் பிடித்தது வேறொன்று. மெஷின் ஓடும்போது, வீட்டில் வேறு யாரும் இல்லை என்பது காதில் விழாது.

ஒருநாள் கதவைத் தட்டினார்கள். சங்கச் செயலாளர் சத்யபிரியா வாசலில் நின்றாள். ஐ.டி. கம்பெனியில் ஆட்களைச் சேர்ப்பதும் அனுப்புவதும் அவள் வேலை.

"பெல் அடிச்சேன் ஆன்ட்டி, வேலை செய்யல போல."

ஹில்டா வெளியே வந்து பெல்லை அழுத்திப் பார்த்தாள். சத்தம் வரவில்லை. அது எப்போது கெட்டுப்போனது என்று அவளுக்குத் தெரியவில்லை. அதை யாரும் அழுத்தி வெகுகாலம் ஆகியிருந்தது.

"உள்ள வாம்மா. காபி போடறேன்."

"இல்ல ஆன்ட்டி, நான் அஃபிஷியலா வந்திருக்கேன். உங்க கிரைண்டர் மேல கம்ப்ளெய்ன்ட் வந்திருக்கு. ஒரு நெய்பருக்கு ரொம்ப டிஸ்டர்பன்ஸ்."

"ஐயோ, யாருக்கு? நானே போய்ப் பேசறேன்."

"அதைச் சொல்ல முடியாது. கான்ஃபிடென்ஷியல்."

"யாருன்னு தெரிஞ்சா அவங்களுக்கு எந்த நேரம் கஷ்டம்னு கேட்டுக்கலாமே?"

சத்யபிரியா அனுதாபத்தோடு தலையசைத்தாள். "அப்படியெல்லாம் பண்ணா ப்ராசஸ் என்ன ஆகறது ஆன்ட்டி?"

புகார் நேர் மேல்வீட்டின் சொந்தக்காரர் பிரசன்னா பெயரில் வந்திருந்தது என்பது அன்று மாலையே வாட்ஸ்அப் குழுவில் தெரிந்துவிட்டது. ரகசியம் என்று தலைப்பிட்டுத் தனசிங்கே அதைப் போட்டிருந்தார். ஹில்டாவுக்கு ஆச்சரியம். பிரசன்னா குடும்பத்தோடு மெல்போர்னுக்குப் போய் வருஷக்கணக்காகிறது. மேல்வீட்டில் ஒரு காலடிச் சத்தத்தைக்கூட அவள் கேட்டதில்லை. பூட்டிக் கிடக்கிறது என்றே நினைத்திருந்தாள். மெல்போர்ன் வரைக்கும் கேட்கிறதென்றால் மெஷினில் ஏதோ பெரிய கோளாறு இருக்க வேண்டும் என்று தோன்றியது.

கிரைண்டர் என்றால் தனசிங்குக்கு மாவு அரைப்பதுதான் தெரியும். மறுநாள் அவளை அலுவலக அறைக்குக் கூப்பிட்டு, "எவ்வளவு அரிசி போடறீங்க?" என்று விசாரித்தார்.

"அரிசி இல்ல சார். எஃகு."

தனசிங் விதிப் புத்தகத்தைப் புரட்டினார். அரிசிக்கு விதி இருந்தது. உளுந்துக்குத் தனியாக ஒரு துணைவிதி இருந்தது. எஃகுக்கு எதுவும் இல்லை. அவர் முகம் மலர்ந்தது. பல மாதங்களாக அந்தச் சங்கத்தில் புதிதாக எதுவும் நடக்கவில்லை.

"இதுக்கு ஒரு துணைக்குழு போட வேண்டியிருக்கும்" என்றார். அன்றே ஒலி ஆய்வுத் துணைக்குழு அமைந்தது. தலைவரும் அவரே.

ஹில்டா தன் பங்குக்கு மெஷின் முன்னால் உட்கார்ந்து யோசித்தாள். ஒரு சத்தம் என்று நினைத்தது ஒன்றல்ல என்று தெரிந்தது. மோட்டாரின் முனகல் தனி. நாடாவின் முனைகளை ஒட்டிய இடம் அதன் பின்னாலிருக்கும் தகட்டைத் தாண்டும்போது வரும் டக்டக் தனி. எஃகு போய் நாடாவைத் தொடும்போது ஒரு கீச்சல். எல்லாவற்றையும்விட மோசம், மேசைக்கால் வழியாகத் தரைக்குள் இறங்கி, தூண் வழியாக மேலே ஏறும் அதிர்வு. இரும்பு மேசையின் கால்களுக்குள் மணலைக் கொட்டி நிரப்பினாள். கேம்ப்ரோட்டில் பஞ்சர் கடையில் லாரி ட்யூப் வாங்கி, வெட்டி, மடித்துக் கால்களுக்கு அடியில் கொடுத்தாள். மேசையைச் சுவரை விட்டு நகர்த்தினாள். அம்மா படுத்திருந்த பஞ்சு மெத்தையைச் சுவரோடு நிறுத்தி, மற்ற சுவர்களில் போர்வைகளை இரண்டிரண்டாகத் தொங்கவிட்டாள். கதவின் இடுக்குகளில் ரப்பர் பட்டை ஒட்டினாள். மோட்டாரின் வேகத்தைக் குறைக்க ஒரு பெட்டியும் வாங்கி மாட்டினாள். வெளியே போய் நின்று கேட்டால் யாரோ பக்கத்து அறையில் பெருமூச்சு விடுவது போலத்தான் இருந்தது.

இதைச் சங்கத்தில் போய்ச் சொன்னாள்.

"நீங்களா குறைச்சா எப்படி?" தனசிங் கடுப்பானார். "எவ்வளவு இருந்துச்சுன்னு நாங்க அளக்கவே இல்லையே. அளக்கறதுக்கு முன்னாடி குறைச்சது தடயத்தை அழிக்கிற மாதிரி. முதல்ல இருந்த மாதிரி பண்ணி வைங்க. அளந்த பிறகு குறைக்கச் சொல்லுவோம்."

மெத்தையை மட்டும் எடுத்து வைப்பதாகச் சமரசம் ஆனது.

ஆய்வு நாளன்று துணைக்குழு முழுவதும் வந்தது. குழுவில் இல்லாதவர்களும் கத்தி செய்கிற பெண்மணியைப் பார்க்க வந்தார்கள். ஹில்டா காலையிலேயே வாழைக்காய் பஜ்ஜி போட்டு வைத்திருந்தாள். அவள் வீட்டுக்குக் கடைசியாக இத்தனை பேர் வந்தது அம்மாவின் சாவுக்குத்தான். செருப்புகள் வாசலில் குவிந்து கிடந்ததை அவள் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

தனசிங் ஃபோனில் ஒலி அளக்கும் செயலியைத் திறந்தார்.

"முதல்ல அமைதியோட அளவு எடுக்கணும். எல்லாரும் அமைதியா இருங்க!" என்று கத்தினார்.

ஃபோன் தொண்ணூறைத் தாண்டியது. சத்யபிரியா குறித்துக்கொண்டாள். அதே நேரம் விமானப்படைத் தளத்திலிருந்து கிளம்பிய பயிற்சி விமானம் ஒன்று கூரையை உரசுவது போலப் போனது. அதையும் குறித்துக்கொண்டாள். பிறகு ஹில்டா மெஷினைப் போட்டாள். எல்லோரும் என்ன நடக்கிறதென்று வாயை மூடிக்கொண்டு பார்த்ததால் ஃபோனில் எண் சரசரவென்று இறங்கியது.

"மெஷின் ஓடாதப்ப தொண்ணூறு. ஓடறப்ப ஐம்பத்தஞ்சு" என்றாள் சத்யபிரியா.

தனசிங் நெற்றியைத் தடவினார். "மெஷின் ஓடாதப்பதான் சத்தம் அதிகமா வருது. இது சாதாரண மெஷின் இல்ல. ஜாக்கிரதையா ஹேண்டில் பண்ணணும்."

பிறகு புகார்தாரரின் காதில் எப்படிக் கேட்கிறது என்று பார்க்க மெல்போர்னுக்கு வீடியோ அழைப்புப் போட்டார்கள். மெஷின் பக்கத்தில் ஃபோனை நீட்டிப் பிடித்தார் தனசிங். ஹில்டா காதுக்கவசம் மாட்டிக்கொண்டு எஃகைத் தேய்த்துக்கொண்டிருந்ததால் அவள் காதில் இந்த உரையாடல் விழவில்லை.

"பிரசன்னா சார், கேக்குதா?"

"ஹலோ? யாரு? ஒண்ணும் கேக்கல சார்."

"ஒண்ணுமே கேக்கலையா?"

"நான் ஆஸ்திரேலியால இருக்கேன் சார். எனக்கு எப்படிக் கேக்கும்? நான் சும்மா ஃபார்வர்ட்தான் பண்ணேன். அங்க குடியிருக்கிற..."

தனசிங் அழைப்பைத் துண்டித்தார். "புகார்தாரருக்கு எதுவுமே கேட்கலைன்னு சொல்றார்" என்று கூடியிருந்தவர்களுக்கு அறிவித்தார். "காது எந்த அளவுக்குப் பாதிச்சிருக்குன்னு பாருங்க."

எல்லோரும் உச்சுக்கொட்டினார்கள். பஜ்ஜி தீர்ந்துபோனது.

துணைக்குழுவின் முதல் பரிந்துரை, சத்தத்தை அடக்கச் சுவர் முழுக்க முட்டை அட்டை ஒட்டுவது. யாரோ காணொளியில் பார்த்திருந்தார்கள். அதற்கு இரண்டாவது மாடிக்காரர்கள் ஆட்சேபித்தார்கள். முட்டை வைத்த அட்டை சைவக் குடும்பங்கள் நடமாடும் வளாகத்துக்குள் வரக் கூடாது. அட்டையில் முட்டை இருந்ததா இல்லையா என்று எப்படி உறுதி செய்வது என்பதை ஆராய இன்னொரு குழு போட்டார்கள். அது முடிவுக்கு வரும் வரை மெஷினை இயக்கக் கூடாது என்று ஹில்டாவுக்குத் தடை போட்டார்கள்.

தடை வந்ததும் வீடு பழையபடி ஆனது. ஃபிரிட்ஜ் நின்று நின்று ஓடுவது கேட்டது. குழாய் சொட்டுவது கேட்டது. சில சமயம் ஹில்டா அந்தச் சின்ன அறைக்குள் போய் ஓடாத மெஷின் முன்னால் காதுக்கவசத்தை மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். பெல்லை ரிப்பேர் செய்தாள். அதை அவளே வெளியே போய் அழுத்திப் பார்த்துவிட்டு வருவாள். சத்யபிரியா மறுபடி வருவாளா என்று எதிர்பார்த்தாள். ஆனால் நடவடிக்கை எடுத்து முடித்துவிட்டதால் அவள் வர வேண்டிய அவசியம் இல்லாமல் போயிருந்தது.

இந்த விவகாரத்தில் கிடைத்த அனுபவத்தை வைத்துச் சங்கம் அமைதி வாரம் கொண்டாடத் தீர்மானித்தது. தொடக்க நாளன்று காலை செண்டை மேளம் வரவழைத்தார்கள். பக்கத்துப் பள்ளிப் பிள்ளைகள் "சத்தம் போடாதே! சத்தம் போடாதே!" என்று கோஷமிட்டபடி வளாகத்தை வலம் வந்தார்கள். ஒலிபெருக்கிப் பெட்டிகள் போதாதென்று வாடகைக்கு வேறு எடுத்திருந்தார்கள். தனசிங் மைக்கைத் தட்டினார்.

"நண்பர்களே! நான் ஒண்ணு சொல்றேன். அமைதிங்கறது தானா வராது. அதை நாமதான் உரக்கச் சொல்லணும். சொல்லிக்கிட்டே இருக்கணும். நாம ஒரு நிமிஷம் நிறுத்தினாலும் ஜனங்க மறந்துடுவாங்க!"

செண்டை ஆமோதித்தது.

அந்த நேரத்தில்தான் ஹில்டாவின் பெல் அடித்தது. அவள் ஓடிப்போய்க் கதவைத் திறந்தாள். வாட்ச்மேன் சவுரிமுத்து நின்றார். அவருக்குப் பின்னால் கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாக ஒரு பெண்.

"மேடம், இந்தப் பொண்ணு படிக்கட்டுல குந்திகினு அழுதுகினு கீது. நைட் ஷிப்டாம். இந்த மேளத்துல எங்க தூங்கறது? என் ரூம்ல படுக்க சொல்லலாம்னா அங்க செண்டைக்காரங்க டிபன் துன்னுகினு கீறாங்க. உன் வூட்ல கொஞ்ச நேரம் வுடு மேடம். பேஜாரா பூடுச்சு அதுக்கு."

ஹில்டா யோசிக்கவே இல்லை. அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக் கூட்டிக்கொண்டு போனாள். முன் அறையில் மேளம் சுவரை இடித்தது. படுக்கையறையில் தனசிங்கின் குரல் ஜன்னலைத் தட்டியது. கடைசியில் மெஷின் அறையைத் திறந்து உள்ளே நிறுத்திக் கதவைச் சாத்தினாள்.

மேளம் நின்றுவிட்டது போலிருந்தது.

"எப்படி இது?" என்றாள் அந்தப் பெண். அவளே தன் குரலைக் கேட்டுப் பயந்தது போல மெதுவாகக் கேட்டாள். "இங்க ஒண்ணுமே கேக்கல."

ஆய்வு முடிந்ததும் பழையபடி சுவரோடு நிறுத்தியிருந்த அம்மாவின் மெத்தையை ஹில்டா இறக்கி மெஷினுக்குப் பக்கத்தில் விரித்தாள். போர்வை ஒன்றை உருவித் தலைமாட்டில் சுருட்டி வைத்தாள். அந்தப் பெண் பெயர்கூடச் சொல்லாமல் சுருண்டு படுத்து, படுத்த மாத்திரத்தில் தூங்கிப்போனாள்.

ஹில்டா வெளியே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் மூச்சுவிட்டுக்கொண்டு தூங்குவதே அவளுக்கு வேலை மாதிரி இருந்தது. சமையலறையில் பாத்திரத்தைக்கூட மெல்லத்தான் வைத்தாள். மதியத்துக்கு இரண்டு பேருக்குச் சாதம் வடித்தாள். எவ்வளவு அரிசி போடுவது என்று ஒரு கணம் குழம்பிவிட்டது.

எழுந்து வந்து முகம் கழுவிக்கொண்டவள், டீயைக் குடித்தபடி சொன்னாள். "நான் கிறிஸ்டினா ஆன்ட்டி. உங்களுக்கு நேர் மேல்வீடு. பிரசன்னா சார் வீட்டுல வாடகைக்கு இருக்கேன். அமெரிக்க ஆஸ்பத்திரி பில்லிங் வேலை. ராத்திரி பூரா முழிச்சிருக்கணும்."

"மேல ஆள் இருக்கா? எனக்கு ஒரு சத்தமும் கேட்டதில்லையே!"

"நான் இருக்கறப்ப தூங்கிக்கிட்டிருப்பேன். முழிச்சிருக்கறப்ப இருக்க மாட்டேன்." சிரித்தாள். "அது என்ன மெஷின் ஆன்ட்டி, உள்ள இருக்கறது?"

"கத்தி செய்யறது."

கிறிஸ்டினா டம்ளரைக் கீழே வைத்தாள். "காலைல பத்து மணிக்கு ஓட்டுவீங்களா?"

"ஆமா. இப்ப நிறுத்தி வச்சிருக்கேன்."

"அப்ப அது நீங்கதானா? கட்டிலோட காலு ஆடற மாதிரி இருக்கும் எனக்கு. பல் டாக்டர் கனவா வரும். நான்தான் ஓனர்கிட்ட மெசேஜ் போட்டுச் சொன்னேன். முதல்ல சங்கத்துலதான் சொன்னேன், டெனன்ட் கம்ப்ளெய்ன்ட் பண்ண முடியாது, ஓனர் மூலமா வான்னுட்டாங்க." அவள் முகம் சிவந்தது. "கீழ ஏதோ ஃபேக்டரி வச்சிருக்காங்கன்னு நினைச்சேன். ஒருத்தங்க தனியா இருக்கீங்கன்னு தெரியாது ஆன்ட்டி."

"எத்தனை மணி வரைக்கும் தூங்குவ?"

"ரெண்டு வரைக்கும்."

"நான் மூணு மணிக்கு மேல போட்டுக்கறேன்."

"சரி ஆன்ட்டி."

பிறகு ரசத்தில் உப்பு சரியாக இருக்கிறதா என்ற பேச்சு வந்தது. துணைக்குழுவும் அதன் துணைக்குழுவும் மாதக்கணக்காக ஆராய்ந்துகொண்டிருந்த விவகாரம், டீ ஆறுவதற்குள் முடிந்துபோயிருந்தது.

அமைதி வாரம் முழுக்கக் கிறிஸ்டினா மெஷின் அறையிலேயே தூங்கினாள். அது முடிந்த பிறகும் இரண்டு மணிக்கு எழுந்து கீழே வந்துவிடுவாள். ஊரில் அவளுக்கு அம்மா இல்லை, அப்பா வேறு குடும்பத்தோடு இருந்தார். பகலில் பேச ஆள் இல்லை, ராத்திரி பேசுகிறவர்கள் எல்லாம் அமெரிக்க நோயாளிகள் என்று சொல்லிச் சிரித்தாள். தடை இன்னும் நீங்கவில்லை என்பது நினைவுக்கு வராத ஒரு சாயங்காலம் ஹில்டா மெஷினைப் போட்டாள். கிறிஸ்டினா பக்கத்தில் நின்று பொறி பறப்பதைப் பார்த்தாள். தானும் ஒரு பட்டையைப் பிடித்துப் பார்த்து, நகத்தைத் தேய்த்துக்கொண்டு கத்தினாள். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கு வந்த சத்தம் மெஷினுடையதைவிட அதிகம்.

சங்கத்துக்குச் சொல்லிவிடுவது முறை என்று நினைத்தது ஹில்டாதான். இருவரும் தனசிங்கின் அலுவலக அறைக்குப் போனார்கள்.

"நாங்க பேசி முடிச்சுட்டோம் சார். மூணு மணிக்கு மேலதான் ஓட்டுவேன். இவளுக்குச் சம்மதம்."

தனசிங் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "பேசினீங்களா? நேராவா?"

"ஆமா சார்."

"யார் முன்னிலையில?"

"யாரும் இல்ல."

"நடவடிக்கைக் குறிப்பு இருக்கா?"

"டீதான் இருந்தது" என்றாள் ஹில்டா.

தனசிங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். அவர் குரலில் நிஜமான வலி இருந்தது. "மேடம், தப்பா நினைக்காதீங்க. நீங்க ரெண்டு பேரும் நேரா பேசித் தீர்த்துக்கிட்டா, நாளைக்கு எல்லாரும் அப்படியே ஆரம்பிச்சுடுவாங்க. அப்புறம் சங்கம் எதுக்கு? நான் எதுக்கு? காலைல ஒம்பது மணிக்கு இந்த ரூமைத் திறந்து உக்கார்ந்து நான் என்ன பண்றது?"

அந்தக் கேள்வி ஹில்டாவுக்குப் பழக்கமானதாக இருந்தது.

"என் தூக்கம்தானே சார் போச்சு? எனக்கு ஓகேன்னா முடிஞ்சுதில்லையா?" என்றாள் கிறிஸ்டினா.

"உங்களுக்குக் காது இருக்கும்மா. அதை சங்கம் மறுக்கல. ஆனா டெனன்ட்டுக்கு இங்க வாய் கிடையாது." தனசிங் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். "புகார்தாரர் பிரசன்னா. அவர் நேர்ல வந்து, தனக்குச் சத்தம் இப்ப கேட்கலைன்னு கையெழுத்துப் போட்டாத்தான் ஃபைலை மூட முடியும்."

அவருக்குத்தான் முதலிலிருந்தே கேட்கவில்லையே என்று கிறிஸ்டினா சொன்னாள். அது வேறு கேட்காதது என்று தனசிங் விளக்கினார்.

அன்றிலிருந்து மெல்போர்னுக்கு மின்னஞ்சல்கள் போயின. நேரில் வரவும். காது மருத்துவரின் சான்றிதழோடு வரவும். வராத பட்சத்தில் வராததற்கு விளக்கம் தரவும். சத்யபிரியா மாலை வேளைகளில் நினைவூட்டலும் அனுப்பினாள். அங்கே அப்போது நடுநிசி. பிரசன்னா பொறுத்துப் பார்த்தார். கடைசியில் அவர் யோசித்தபோது, இந்தத் தொல்லையெல்லாம் வீட்டில் ஒரு ஆள் இருப்பதால்தானே என்று தோன்றியிருக்க வேண்டும். கிறிஸ்டினாவை வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்.

அவள் ஹில்டாவிடம் அதைச் சொன்னபோது ஹில்டா கத்திக்குக் கைப்பிடி பொருத்திக்கொண்டிருந்தாள்.

"இங்கயே வந்து இருந்துடேன்" என்றாள் தலைநிமிராமல்.

"கேட்டேன் ஆன்ட்டி. சத்யபிரியா மேடம்கிட்ட. சொந்தக்காரங்க இல்லாதவங்களை வீட்டுல வச்சுக்கறது பேயிங் கெஸ்ட்ல வருமாம். அதுக்கு இங்க தடையாம்." கொஞ்சம் நிறுத்தினாள். "கேளம்பாக்கத்துல ஆபீஸ் பொண்ணுங்களோட ஒரு ஃபிளாட் கிடைச்சிருக்கு. ஆபீஸும் பக்கம்."

"பக்கம்னா நல்லதுதான்" என்றாள் ஹில்டா.

சாமான்கள் ஒரு சின்ன வண்டியில் அடங்கிவிட்டன. கிறிஸ்டினா கட்டிப்பிடித்துக்கொண்டாள். வண்டி போன பிறகு சவுரிமுத்து கேட்டைச் சாத்திவிட்டு, "இன்னா மேடம் பண்றது, வாடகைன்னாலே அப்டித்தான்" என்றார்.

ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் ஹில்டாவை மேடைக்குக் கூப்பிட்டார்கள். தனசிங் அவளுக்குப் பொன்னாடை போர்த்தினார்.

"நம்ம துணைக்குழுவோட முதல் வெற்றி இது! புகார் வந்த வீடு இப்ப காலி. அங்க சத்தம் கேக்க ஆளே இல்ல. பிரச்சினை வேரோட தீர்ந்துபோச்சு. ஹில்டா மேடம் இனிமே எந்த நேரத்துலயும், எவ்வளவு சத்தமா வேணும்னாலும் மெஷினை ஓட்டலாம்னு சங்கம் ஏகமனதா அனுமதி கொடுக்குது. இதே முறையை மத்த வீடுகளுக்கும் விரிவுபடுத்தணும்னு நான் கேட்டுக்கறேன்!"

கைதட்டல் ஓய வெகுநேரமாயிற்று. ஹில்டாவிடம் மைக்கைக் கொடுத்தார்கள்.

"மேல இருந்த பொண்ணு நல்ல பொண்ணு" என்றாள். மைக் கீச்சென்று கத்தியது. தனசிங் அதை வாங்கிச் சரிசெய்து, நன்றியுரைக்குச் சத்யபிரியாவிடம் கொடுத்துவிட்டார்.

மறுநாள் காலை பத்து மணிக்கே ஹில்டா மெஷினைப் போட்டாள். வேகத்தைக் கூட்டினாள். நாடா அலறியது. கதவைத் திறந்தே வைத்தாள். யாரும் வரவில்லை. வாட்ஸ்அப்பில் ஒரு வார்த்தை இல்லை. பெல் அடிக்கவில்லை. காதுக்கவசத்தைக் கழற்றிவிட்டுக் கேட்டாள். இவ்வளவு சத்தத்துக்கு நடுவிலும் மேலே யாரும் இல்லை என்பது தெளிவாகக் கேட்டது. சுவிட்சை அணைத்துவிட்டு, உருளைகள் சுற்றி ஓயும் வரை நின்றாள்.

ஆனாலும் வேலையை விடவில்லை. கிறிஸ்டினாவின் கை சிறியது. அதற்கேற்ற மாதிரி காய் நறுக்கும் கத்தி ஒன்றைச் செய்தாள்.

ஒரு சனிக்கிழமை அதைத் துணியில் சுற்றிப் பையில் வைத்துக்கொண்டு, பஸ் மாறிக் கேளம்பாக்கம் போனாள். கழுத்து வலிக்க அண்ணாந்து பார்க்கிற கட்டடங்கள். வாசலில் இருந்த காவலாளியின் சட்டையில் ஸ்டெபின் என்று பெயர் இருந்தது. ஃபோனை எடுத்துக்கொண்டு வந்தான்.

"எந்த ஃபிளாட்? யாரைப் பார்க்கணும்?"

சொன்னாள்.

"அவங்க ஆப்ல அப்ரூவ் பண்ணணும் மேடம். நீங்க அவங்களுக்கு என்ன வேணும்? ரிலேட்டிவா, டெலிவரியா, வீட்டு வேலையா?"

ஹில்டா யோசித்தாள். "கீழ்வீடு."

"இங்க கீழ்வீடா?"

"இங்க இல்ல. ராஜகீழ்ப்பாக்கத்துல. அவ மேல இருந்தா, நான் கீழ இருந்தேன்."

ஸ்டெபின் திரையை மேலும் கீழும் தள்ளிப் பார்த்தான். "அப்படி ஒரு ஆப்ஷன் இல்லையே மேடம். பையில என்ன?"

"கத்தி."

ஸ்டெபின் ஓரடி பின்வாங்கினான். காய் நறுக்குவது என்று சொல்லித் துணியைப் பிரித்துக் காட்டினாள். அதை ஒரு டப்பாவில் போட்டு மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டான். பிறகு கொஞ்சம் இரக்கப்பட்டு, "டெலிவரின்னே போட்டுடறேன்" என்றான். அவள் பேரைக் கேட்டுப் போட்டான். மேலிருந்து பதில் இல்லை.

"எடுக்க மாட்டேங்கறாங்க. நீங்க ஒரு கால் பண்ணி எழுப்புங்களேன்."

"வேணாம். தூங்கறா. ராத்திரி வேலை."

"எவ்வளவு நேரம் நிப்பீங்க இந்த வெயில்ல?"

"ரெண்டு மணிக்கு எழுந்துடுவா."

மணி பன்னிரண்டுகூட ஆகியிருக்கவில்லை. எதிரே புதுக் கட்டடத்துக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தார்கள், தரை அதிர்ந்தது. இந்தச் சத்தத்தில் எப்படித்தான் தூங்குகிறாளோ என்று ஹில்டா கவலைப்பட்டாள். காவலாளியின் கூண்டுக்குப் பக்கத்தில் கொஞ்சம் நிழல் இருந்தது. ஸ்டெபின் தன் பிளாஸ்டிக் நாற்காலியை நகர்த்திக் கொடுத்தான். அவள் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். கார்கள் வந்தன, தடுப்புக் கட்டை ஏறி இறங்கியது. உணவு கொண்டுவருகிறவர்கள் அவளைத் தாண்டி உள்ளே போய்விட்டுத் திரும்பி வந்தார்கள். ஒருமுறை கண் அயர்ந்து, விழித்து, ஃபோனைப் பார்த்துக்கொண்டாள்.

இரண்டு மணி தாண்டிக் கொஞ்ச நேரத்தில் ஃபோன் அடித்தது.

"ஆன்ட்டி!" தூக்கம் கலையாத குரல். "ஏதோ டெலிவரின்னு வந்திருக்கு, பார்த்தா உங்க பேரு போட்டிருக்கு. எங்க இருக்கீங்க நீங்க?"

ஹில்டா எழுந்து நின்று, எந்த ஜன்னல் என்று தெரியாமல் அண்ணாந்து பார்த்தாள்.

"கீழதான் இருக்கேன்" என்றாள்.